மந்தைக்கும் தறிக்கும் நடுவே: கம்பளி வரியின் கதை

செம்மறி ஆட்டின் உடலிலிருந்து கத்தரித்து எடுத்த ரோமத்தில் ஏறத்தாழப் பாதி எடை கம்பளியே இல்லை. தோலில் சுரக்கும் கொழுப்புப் பிசுக்கு, காய்ந்த வியர்வை, மண், முள், சருகு எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டே வரும். மெரினோ போன்ற மென்ரோம இனத்தில் 100 பவுண்டு ரோமத்தை வெந்நீரும் சோப்பும் போட்டு அலசினால் பல சமயம் 40 அல்லது 50 பவுண்டுதான் மிஞ்சும். அதைச் சீவி, நூற்று, நெய்து, சாயமேற்றிய பிறகுதான் துணி; வெட்டித் தைத்தால் கோட்டு. ஆட்டுக்காரர், வியாபாரி, நூற்பாலை, நெசவாலை, தையல் தொழிற்சாலை என்று ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு தொழில், ஒரு முதலாளி, ஒரு சங்கம்.

இறக்குமதி வரி இந்த வரிசையின் எந்தக் கட்டத்தில் விழுந்தாலும் அங்கேயே நின்றுவிடுவதில்லை. வெளிநாட்டு ரோமத்துக்கு வரி போட்டால் உள்நாட்டு ஆட்டுக்காரருக்கு விலை கிடைக்கும், ஆனால் ஆலைக்கு மூலப்பொருள் ஏறும். ஆலை ஈடு கேட்கும். துணிக்கும் வரி போட்டு அந்த ஈட்டைக் கொடுத்தால் தையல்காரர் கேட்பார். அவருக்கும் கொடுத்த பிறகு, ஈடு கேட்க எந்தச் சங்கமும் இல்லாமல் நிற்பவர் கம்பளி உடுத்துகிறவர். ஏழு நூற்றாண்டுகளாக நடக்கும் கம்பளிச் சுங்கச் சண்டைகள் பலவற்றிலும் இந்தக் கணக்குதான் அடியில் இருக்கிறது.

தொடக்கத்தில் வரி ஏற்றுமதியின் மேல்தான் இருந்தது. இங்கிலாந்தின் ரோமத்தை நம்பி ஃபிளாண்டர்ஸ் தறிகள் ஓடிய காலம் அது. 1275இல் முதலாம் எட்வர்ட் மன்னர் வெளியே போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் 6 ஷில்லிங் 8 பென்ஸ் சுங்கம் விதித்தார். போர்ச் செலவுக்காக 1294இல் அது 40 ஷில்லிங்காக ஏறியபோது நாடே கொதித்தது. 1297இல் அரசர் அந்தக் கூடுதல் வரியைக் கைவிட நேர்ந்தது. பின்னர் இங்கிலாந்து தானே துணி நெய்யும் நாடாக மாறியதும் கொள்கை தலைகீழானது. ரோமம் வெளியே போவதற்குத் தடை வந்தது. 1699இல் அயர்லாந்து தன் கம்பளித் துணியை வெளிநாடுகளுக்கு விற்பதும் தடை செய்யப்பட்டது. இறந்தவர்களை ஆங்கிலேயக் கம்பளித் துணியில்தான் சுற்றிப் புதைக்க வேண்டும், மீறினால் 5 பவுண்டு அபராதம் என்றுகூடச் சட்டம் இருந்தது.

இந்தக் கம்பளிப் பாசம் சோழமண்டலக் கரையையும் தொட்டது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை, மசூலிப்பட்டினம் போன்ற துறைமுகங்களிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுபோன சாயத் துணிகள் லண்டன் பெண்களுக்குப் பிடித்துப்போயின. துவைத்தால் சாயம் போகாது, கனமில்லை, விலையும் குறைவு. கம்பளி, பட்டு நெசவாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1697இல் கம்பெனியின் அலுவலகத்தையே தாக்கினார்கள். 1700ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா, பாரசீகம், சீனாவிலிருந்து வரும் அச்சிட்ட, வண்ணம் தீட்டிய துணிகளை இங்கிலாந்தில் பயன்படுத்தத் தடை விதித்தது. வெள்ளைத் துணியாக வரவழைத்து அங்கேயே அச்சிடும் வழி திறந்திருந்ததால், 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதே குற்றம் என்று இன்னொரு சட்டம் வந்தது. ஆட்டு ரோமத்தைக் காப்பதற்காகப் பருத்தித் துணி தண்டிக்கப்பட்டது. கரையில் தறியோட்டியவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கம்பளி வரியின் உள்கணக்கு மிக வெளிப்படையாகத் தெரியும் இடம் அமெரிக்கா. அங்கே ஆட்டுக்காரர்களும் ஆலைக்காரர்களும் ஒரே நாட்டில், ஒரே நாடாளுமன்றத்தில் மோதிக்கொண்டார்கள். 1816இல் கம்பளித் துணிக்கு 25% இறக்குமதி வரி வந்தது. 1824இல் அது 33 சதவீதத்துக்கும் சற்று மேலே போனது. கூடவே ரோமத்தின் வரியும் படிப்படியாக 30% வரை ஏறியது. அதே நேரத்தில் பிரிட்டன் தன் ரோம வரியைப் பவுண்டுக்கு 6 பென்ஸிலிருந்து 1 பென்னியாக வெட்டியது. ஆங்கிலேயத் துணி மலிந்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிவிட்டார்கள் என்று நியூ இங்கிலாந்து ஆலைகள் புலம்பின. துணி வரியை உயர்த்தும் 1827ஆம் ஆண்டு மசோதா செனட்டில் சம வாக்குகளில் நின்றபோது, துணை ஜனாதிபதி ஜான் கால்ஹவுன் தன் வாக்கால் அதைத் தோற்கடித்தார். மறு ஆண்டு வந்த சட்டம் துணிக்கும் ரோமத்துக்கும் சேர்த்து வரியை ஏற்றியது. ரோமத்துக்கு மட்டும் பவுண்டுக்கு 4 சென்ட்டும், அதற்கு மேல் விலையில் 40 சதவீதமும். அந்த 40 பிறகு 50 ஆனது. தெற்கு மாநிலங்கள் அந்தச் சட்டத்தை அருவருப்புச் சுங்கம் என்று அழைத்தன. அந்தக் கோபம் 1832இல் தென் கரோலினா மத்தியச் சட்டத்தையே செல்லாது என்று அறிவிக்கும் அளவுக்குப் போனது.

உள்நாட்டுப் போரின்போது கம்பளிக்கு நல்ல காலம். வடக்குப் படைக்குத் தெற்கின் பருத்தி கிடைக்கவில்லை. சீருடை, போர்வை எல்லாம் கம்பளியிலேயே வேண்டியிருந்தது. போர் முடிந்ததும் படையின் கொள்முதல் நின்றது, கிடங்குகள் நிறைந்தன. 1865 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் இரண்டு தரப்பும் ஒரே மண்டபத்தில் கூடின. ஒரு பக்கம் கம்பளி வளர்ப்போர் சங்கம். மறு பக்கம் அதற்கு முந்தைய ஆண்டில் தொடங்கப்பட்ட கம்பளி உற்பத்தியாளர் சங்கம். ஒருவரை ஒருவர் எதிர்ப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு வரியையும் சேர்த்தே கேட்பது என்று முடிவாயிற்று. 1867ஆம் ஆண்டுக் கம்பளிச் சட்டம் பெரும்பாலும் அவர்கள் வகுத்துக் கொடுத்த வடிவத்திலேயே நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின் கணக்கு நிதானமாகப் பார்க்கத் தக்கது. விலை குறைந்த உடுப்பு ரோமத்துக்குப் பவுண்டுக்கு 10 சென்ட்டும் விலையில் 11 சதவீதமும் வரி. ஒரு பவுண்டு துணிக்கு அலசாத ரோமம் நான்கு பவுண்டு தேவை என்று வைத்துக்கொண்டார்கள். நான்கு பவுண்டு ரோமத்தின் வரியையும் சாயம் முதலிய மற்றப் பொருள்களின் வரியையும் கூட்டி, வெளிநாட்டுத் துணிக்குப் பவுண்டுக்கு 50 சென்ட் என்று முடிவு செய்தார்கள். இது ஈட்டு வரி. ஆலைக்கு இதில் லாபம் இல்லை, ரோம வரியால் வந்த நட்டத்தைச் சரிக்கட்டுவது மட்டுமே என்பது வாதம். ஆலைக்கான உண்மையான பாதுகாப்பாக அதன் மேல் விலையில் 35% தனியே வைக்கப்பட்டது.

நாலுக்கு ஒன்று என்ற அந்த விகிதத்தில்தான் எல்லாம் ஒளிந்திருந்தது. மிகவும் பிசுக்கேறிய ரோமத்துக்கு அது பொருந்தலாம். பல துணிகளுக்கு அவ்வளவு ரோமம் தேவையே இல்லை. பருத்தி இழையைக் கலந்து நெய்த துணி உண்டு. பழைய கம்பளிக் கந்தலைக் கிழித்து மீண்டும் நூற்ற துணியும் உண்டு. அவற்றுக்கும் அதே கணக்கில் ஈடு கிடைத்தது. செலவழிக்காத ரோமத்துக்கு ஈடு என்றால் அது ஈடாகாது. பெயர் மாற்றிய பாதுகாப்பு. பொருளியலாளர் ஃபிராங்க் டாசிக் தம் சுங்க வரலாற்றில் இதை விரிவாகவே அம்பலப்படுத்தினார். படிக்கிறவர்களுக்குத் தலை சுற்றும்படி சட்டம் எழுதப்பட்டிருந்ததுதான் அதற்குப் பெரிய அரண்.

ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாந்து 1887 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தி முழுவதையும் சுங்கத்துக்கே ஒதுக்கினார். அதில் கம்பளிக்குத் தனி இடம் இருந்தது. அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். மறுபடி பதவிக்கு வந்த பிறகு 1894இல் ரோமத்துக்கு வரி நீங்கியது. அந்த விடுதலை மூன்று ஆண்டுதான் நீடித்தது. 1897ஆம் ஆண்டின் டிங்லி சட்டம் உடுப்பு ரோமத்துக்குப் பவுண்டுக்கு 11 சென்ட் வரியைத் திரும்பக் கொண்டுவந்தது.

டிங்லி சட்டத்தில் துணிக்கான விகிதங்கள் யார் மேல் சுமை ஏறியது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. பவுண்டுக்கு 40 சென்ட் விலையுள்ள மட்டத் துணிக்கு 33 சென்ட் ஈட்டு வரி, அதோடு விலையில் 50%. ஆக மொத்தம் 53 சென்ட். துணியின் விலையைவிட வரி அதிகம். பவுண்டுக்கு 2 டாலர் விலையுள்ள உயர்ரகத் துணிக்கு 44 சென்ட்டும் 55 சதவீதமும் சேர்ந்து 1 டாலர் 54 சென்ட். விலையில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். கூலிக்காரர் கோட்டுக்கு 132.5%, செல்வந்தர் கோட்டுக்கு 77%. வரியை எடையின் மேல் வைத்தால் மலிவான சரக்கே அதிகம் அடிபடும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாத விஷயமல்ல.

ரோம வணிகத்திலும் இதே கோணல் உண்டானது. வரி அலசாத எடைக்கு என்பதால், பிசுக்கும் மண்ணும் நிறைந்த மலிவு ரோமத்தை இறக்குமதி செய்தால் அழுக்குக்கும் வரி கட்ட வேண்டும். ஆகவே பாஸ்டன் நகர வியாபாரிகள் மெல்போர்ன், சிட்னி ஏலங்களில் அலசினால் குறைவாக இழக்கும் சுத்தமான ரோமத்தையே தேடி எடுத்தார்கள். மலிவான உடுப்புக்கு உதவும் கனத்த ரோமம் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வருவதே அரிதாயிற்று.

சுங்கச் சட்டத்தில் கம்பளிக்குரிய பகுதி கே அட்டவணை. 1909இல் பெய்ன்-ஆல்ட்ரிச் சட்டம் வந்தபோது மற்றப் பகுதிகள் திருத்தப்பட்டன, கே அட்டவணை ஏறத்தாழ அப்படியே நின்றது. மேற்கின் ஆட்டுக்காரர்களும் கிழக்கின் ஆலைகளும் 1865இல் போட்ட கூட்டு அவ்வளவு உறுதி. வையோமிங் செனட்டர் ஃபிரான்சிஸ் வாரன் தாமே மிகப் பெரிய மந்தைகளுக்குச் சொந்தக்காரர். அயோவா செனட்டர் ஜொனாதன் டாலிவர் ஆளுங்கட்சிக்காரராக இருந்தும் கே அட்டவணையை வரிவரியாகப் பிரித்து மேய்ந்தார். வாரனை ஆபிரகாமுக்குப் பிறகு தோன்றிய மிகப் பெரிய மேய்ப்பர் என்று அவர் வருணித்தது நாடெங்கும் பரவியது. சட்டத்தில் கையெழுத்திட்ட ஜனாதிபதி டாஃப்ட்டே மினசோட்டாவின் வினோனா நகரில் பேசியபோது கம்பளி வரியை நியாயப்படுத்த முடியாது என்று ஒப்புக்கொண்டார். ஆனாலும் 1911இலும் 1912இலும் வரியைக் குறைக்கும் மசோதாக்கள் வந்தபோது அவற்றை ரத்து செய்தவரும் அவர்தான்.

உயர்ந்த வரி இருந்தால்தான் அமெரிக்கத் தொழிலாளிக்கு உயர்ந்த கூலி கொடுக்க முடியும் என்பது ஆலைகளின் பழைய வாதம். அந்த வாதம் 1912 ஜனவரியில் மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரில் உடைந்தது. நாட்டின் மிகப் பெரிய கம்பளி நிறுவனமான அமெரிக்கன் வுல்லன் கம்பெனியின் ஆலைகள் அங்கே இருந்தன. பெண்களுக்கும் சிறார்களுக்கும் வார வேலை நேரத்தை 56 மணியிலிருந்து 54 ஆகக் குறைக்கும் சட்டம் அமலுக்கு வந்ததும் ஆலைகள் அந்த இரண்டு மணி நேரக் கூலியைப் பிடித்தன. சில ரொட்டிகள் வாங்கும் காசு அது. அதைக்கூட விட முடியாத நிலையில் இருந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். பின்னர் மத்திய அரசு நடத்திய விசாரணையில், அவர்களுடைய சராசரி வாரக் கூலி 9 டாலர்கூட இல்லை என்று தெரிந்தது.

மார்ச் மாதம் வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியங்கள் நடந்தன. இயந்திரத்தில் தலைமுடி சிக்கி உச்சந்தலைத் தோல் பெயர்ந்த கமெல்லா டியோலி என்ற சிறுமி வந்து பேசினாள். ஜனாதிபதியின் மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். வேலைநிறுத்தக்காரர்களின் 119 குழந்தைகளை நியூயார்க்குக்கு அழைத்துப்போன செவிலியர் மார்கரெட் சாங்கர், கொடும் பனியில் வந்த அந்தக் குழந்தைகளில் நான்கு பேர் மட்டுமே உள்ளாடை அணிந்திருந்ததாகச் சாட்சியம் சொன்னார். நாட்டுக்கே கம்பளி நெய்த வீடுகளின் பிள்ளைகள் அவர்கள். அதே மாதம் ஆலைகள் கூலியை உயர்த்தின. கே அட்டவணைக்கு அதன் பிறகு மக்களிடம் மரியாதை மிஞ்சவில்லை.

1913இல் ஜனாதிபதி உட்ரோ வில்சன் காலத்தில் ரோமத்துக்கு வரி அடியோடு நீங்கியது. துணி வரி 35 சதவீதத்துக்கு இறங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் 1920இல் விலை சரிந்ததும் மந்தைக்காரர்கள் மீண்டும் எழுந்தார்கள். 1922ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நல்ல திருத்தத்தோடு வரி விதித்தது: அலசிய பின் மிஞ்சும் சுத்த எடைக்கு மட்டும் பவுண்டுக்கு 31 சென்ட். 1930இன் ஸ்மூட்-ஹாலி சட்டம் அதை 34 சென்ட் ஆக்கியது. இந்த 34 சென்ட்தான் பதினேழு ஆண்டு கழித்து ஓர் உலக மாநாட்டை உடைக்கும் எல்லைவரை கொண்டுபோனது.

1947 ஏப்ரலில் ஜெனீவாவில் 23 நாடுகள் கூடின. முப்பதுகளில் எழுந்த சுங்கச் சுவர்களை ஒருவருக்கொருவர் பேசி இறக்குவதும், பிரிட்டனும் அதன் தன்னாட்சி நாடுகளான டொமினியன்களும் தங்களுக்குள் கொடுத்துக்கொண்ட சலுகை வரிகளைத் தளர்த்துவதும் நோக்கம். சுங்கம், வணிகம் பற்றிய பொது ஒப்பந்தமான காட் பிறந்தது அங்கேதான். ஆஸ்திரேலியா அமெரிக்காவிடம் முதன்மையாகக் கேட்டது கம்பளி வரிக் குறைப்பு. அதன் ஏற்றுமதி வருமானத்துக்கு முதுகெலும்பு கம்பளி. போர்க் காலத்தில் பிரிட்டன் மொத்தமாக வாங்கிவைத்த டொமினியன் கம்பளி, போர் முடிந்தபோது ஒரு கோடி பேலுக்கு மேல் தேங்கிக் கிடந்தது. அமெரிக்கா கம்பளியில் ஒன்றும் தராவிட்டால் தாங்களும் எதையும் தர முடியாது என்று ஆஸ்திரேலியக் குழுவினர் சொல்லிவிட்டார்கள். ஆஸ்திரேலியா விலகினால் மற்ற டொமினியன்களும் தயங்கும். அவை தயங்கினால் பிரிட்டனின் சலுகை வரிகள் அசையா.

வாஷிங்டனில் காற்று நேர் எதிராக வீசியது. போரின்போது அமெரிக்க அரசு உள்நாட்டு ரோமம் முழுவதையும் ஆதரவு விலைக்கு வாங்கி வந்தது. ஆலைகளோ மலிவான வெளிநாட்டு ரோமத்தை வாங்கின. சரக்கு அரசின் கிடங்கில் மலைபோல் சேர்ந்தது. ஆதரவு விலையைத் தொடர்வதற்கான மசோதாவில், இறக்குமதி ரோமத்தின் மேல் கூடுதல் கட்டணம் விதிக்கும் பிரிவைச் சேர்த்து நாடாளுமன்றம் நிறைவேற்றியது. வரியைக் குறைக்க ஜெனீவாவில் பேசிக்கொண்டிருக்கும் நாடு, அதே பொருளுக்குத் தலைநகரில் வரியை ஏற்றுகிறது. பேச்சுவார்த்தை உறைந்து நின்றது.

அமெரிக்கத் தரப்பின் தலைவர் வில் கிளேட்டன், டெக்சாஸின் பெரிய பருத்தி வணிகர்; வணிகம் இருவழிப் பாதை என்பது அவருக்குத் தொழிலிலேயே ஊறிய பாடம். அவர் விமானம் ஏறி வாஷிங்டன் திரும்பினார். வேளாண் அமைச்சர் மசோதாவை ஆதரித்தார். வெளியுறவுத் துறை எதிர்த்தது. 1947 ஜூன் 26 அன்று ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் மசோதாவை ரத்து செய்தார். அதோடு நிற்காமல், சட்டம் அனுமதித்த அளவுக்குள் வரியைக் குறைக்கவும் கிளேட்டனுக்கு அதிகாரம் கொடுத்தார். கட்டணப் பிரிவு இல்லாத ஆதரவு விலைச் சட்டம் ஆகஸ்டில் வந்தது. ஜெனீவாவில் 34 சென்ட் 25.5 சென்ட் ஆனது. அக்டோபர் 30 அன்று காட் ஒப்பந்தம் கையெழுத்தானது. மேற்கு மாநிலங்களின் ஆதரவு தேவைப்பட்ட தேர்தல் ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் ட்ரூமன் எடுத்த அந்த முடிவு, கம்பளி வரலாற்றில் உடுத்துகிறவர் பக்கம் சாய்ந்த அரிய தருணங்களில் ஒன்று.

1954இல் அமெரிக்கா வேறு வழியை முயன்றது. வரியை ஏற்றாமல், கம்பளிச் சரக்குகளின் இறக்குமதி வரி வருவாயில் 70 சதவீதம் வரை எடுத்து ஆட்டுக்காரர்களுக்கு நேரடி ஊக்கத்தொகை கொடுப்பது தேசியக் கம்பளிச் சட்டத்தின் ஏற்பாடு. நாட்டின் சராசரி விலை, குறித்த விலையைவிட எத்தனை சதவீதம் குறைகிறதோ அதற்கேற்ற சதவீதத்தை ஒவ்வொருவரும் தம் விற்பனைத் தொகையின் மேல் பெறுவார்கள். நல்ல ரோமத்தை நல்ல விலைக்கு விற்றவருக்குத் தொகையும் அதிகம். ஆலைக்குச் செலவு ஏறாது, ஈட்டு வரிக்கும் வேலையில்லை. வரியைவிட நேர்மையான முறை இது. யாருக்கு எவ்வளவு போகிறது என்பது கணக்கில் தெரிந்தது. அப்படித் தெரிந்ததாலேயே அது எளிதில் வெட்டுக்கும் ஆளானது. 1993இல் வந்த சட்டத்தால் தொகை படிப்படியாகக் குறைந்து 1995ஆம் ஆண்டு விற்பனையோடு முடிந்தது.

ஆடுகளை வரியும் காப்பாற்றவில்லை, ஊக்கத்தொகையும் காப்பாற்றவில்லை. 1942இல் சுமார் 5.6 கோடியாக இருந்த அமெரிக்கச் செம்மறிகள் இன்று சுமார் 50 லட்சம். மேய்ச்சல் ஆளுக்குப் பஞ்சம், செயற்கை இழையின் வரவு, ஆட்டிறைச்சியில் அமெரிக்கர்களுக்கு ஆர்வம் குறைந்தது என்று காரணங்கள் பல. சுங்கத்தால் அவற்றில் எதையும் தடுக்க முடியாது.

பிறகு சண்டை சங்கிலியின் மறுமுனைக்கு நகர்ந்தது. தொண்ணூறுகளில் அமெரிக்காவில் மென்கம்பளித் துணிக்கு இருந்த வரி, தைத்த சூட்டுக்கான வரியைவிட அதிகம். கனடாவின் தையல் தொழிற்சாலைகள் இத்தாலியத் துணியை வரியின்றி வாங்கித் தைத்து, வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் சலுகை ஒதுக்கீட்டில் சூட்டாக அமெரிக்காவுக்குள் அனுப்பின. துணிக்கு வரி கட்டி உள்ளூரில் தைத்த அமெரிக்க நிறுவனங்கள் தத்தளித்தன. 2000ஆம் ஆண்டுச் சட்டம் உயர்ரகத் துணியின் வரியைக் குறிப்பிட்ட அளவுக்குக் குறைத்ததோடு, தைப்பவர், நெய்பவர், ஆட்டுக்காரர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஈடும் கொடுத்தது. 1867இன் கணக்கு வேறு வடிவில் திரும்பி வந்தது.

இந்தியாவும் இந்த வழக்குகளில் வாதியாக நின்றிருக்கிறது. 1995 ஜூலையில் இந்தியக் கம்பளிச் சட்டைகளுக்கும் பெண்களுக்கான கம்பளிக் கோட்டுகளுக்கும் அமெரிக்கா அளவுக் கட்டுப்பாடு விதித்தது. கோட்டுகளுக்கான கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டது; சட்டை வழக்கு புதிதாகப் பிறந்திருந்த உலக வர்த்தக அமைப்பின் முன் போனது. தன் தொழிலுக்குச் சேதம் வந்தது என்பதை அமெரிக்கா முறைப்படி காட்டவில்லை என்று 1997 ஜனவரியில் நடுவர் குழு தீர்ப்பளித்தது. அதற்குள் அமெரிக்கா அந்தக் கட்டுப்பாட்டையும் நீக்கியிருந்தது. ஒரு வாதத்தை முன்வைக்கிறவரே அதை நிறுவ வேண்டும் என்று மேல்முறையீட்டு அமைப்பு அந்த ஏப்ரலில் வகுத்த விதி, பிற்கால வழக்குகள் பலவற்றில் மேற்கோளாகிறது.

இந்திய ஆடுகளின் ரோமம் பெரும்பாலும் கம்பளத்துக்கு ஏற்ற முரட்டு ரகம். உடுப்புக்கான மென்ரோமத்துக்கு லூதியானா ஆலைகள் ஆஸ்திரேலியாவை நம்புகின்றன. 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தம் ஆஸ்திரேலியக் கம்பளிக்கான இந்திய வரியை நீக்கியது. கம்பளத்தின் நிலை வேறு. 1867ஆம் ஆண்டுச் சட்டமே கம்பள ரோமத்தைத் தனி வகையாக்கிக் குறைந்த வரி வைத்தது. அந்த ரகம் அமெரிக்காவில் அவ்வளவாக விளையாது, காப்பாற்ற ஆளில்லை என்பது காரணம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு அமெரிக்கா 50% வரி விதித்தபோது அந்தப் பழைய வேறுபாடுகூடப் பார்க்கப்படவில்லை. உத்தரப் பிரதேசத்தின் பதோகி, மிர்சாபூர் வட்டாரத்தில் கையால் முடிச்சிட்டு நெய்யும் கம்பளங்களுக்கு அமெரிக்காவே மிகப் பெரிய சந்தை. அப்படி முடிச்சிடும் தொழில் சொல்லும்படியாக அமெரிக்காவில் இல்லை. வரி உயர்ந்ததும் அங்குள்ள வாங்குநர்கள் ஆர்டரை நிறுத்திவைத்தார்கள் அல்லது விலையைக் குறைக்கச் சொன்னார்கள். தறிக்காரர்களுக்கு வேலை குறைந்தது.